வியாசர்பாடி வெப்பத்தில் விருந்து ரொட்டி

ஒரே குறிப்பு, இரண்டு தோல்விகள்

பருவமழை இறங்கும் ஐப்பசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வடசென்னை வீடுகளில் விருந்துக்குக் குறைவிருக்காது. தீபாவளி, கார்த்திகை, இடையிடையே பிறந்தநாள்கள், கடைசியில் டிசம்பர் கொண்டாட்டம். வீட்டுக்கு ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்று வந்துவிட்டால், கேக்குக்கு அடுத்தபடியாகப் பலரும் முயன்று பார்ப்பது முட்டை, வெண்ணெய், சர்க்கரை, உலர்திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்ந்த இனிப்பு ரொட்டியை. செய்முறைக் குறிப்பு எளிமையாகத்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலக்க வேண்டும். மைதா, முட்டை, வெண்ணெய் சேர்த்துப் பிசைய வேண்டும். சூடான இடத்தில் இரண்டு மணி நேரம் மூடி வைத்துப் பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும். அதை வரி பிசகாமல் செய்தும் வியாசர்பாடிச் சமையலறையில் ரொட்டி இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒருமுறை மேல்பகுதி அமுங்கி, கள் வாசனையோடு புளித்துப்போகிறது. இன்னொருமுறை எண்ணெய் கசிந்து, செங்கல்லாக இறுகிவிடுகிறது. ஈஸ்ட் மோசம், மைதா சரியில்லை, கைராசி இல்லை என்று பழி பல இடங்களில் விழும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே சமையலறையில் இட்லி மாவு தினமும் தவறாமல் பொங்குகிறது. மாவைப் புளிக்க வைப்பதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்களுக்கு ரொட்டி மாவு மட்டும் ஏன் அடங்க மறுக்கிறது? இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: குறிப்பில் பிழை இல்லை, ஆனால் அது எழுதப்பட்ட அறை வேறு. இருபது டிகிரி அறையில் நின்று எழுதியவர் மாவுக்கு வெப்பம் கொடுக்கச் சொல்கிறார். முப்பது டிகிரி அறையில் நிற்பவர் கொடுக்க வேண்டியது குளிர்ச்சி. விருந்து ரொட்டிக்கே உரிய சர்க்கரையும் வெண்ணெயும் இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகின்றன.

உப்ப வைப்பது ஒன்று, பிடித்து வைப்பது மற்றொன்று

ரொட்டி உப்புவதற்கு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வாயுவை உண்டாக்குவது முதல் வேலை. அதைச் செய்வது ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் பூஞ்சை. சர்க்கரையை உடைத்துக் கரியமில வாயுவையும் சிறிதளவு சாராயத்தையும் அது வெளிவிடுகிறது. புளிப்பது வெறும் வேதிமாற்றம் அல்ல, உயிருள்ள ஒன்றின் செயல் என்பதை 1850களின் இறுதியில் லூயி பாஸ்டர் சோதனைகளால் நிறுவினார். உயிருள்ளது என்றால் அதற்குத் தாகம் உண்டு, உகந்த வெப்பம் உண்டு, தாங்க முடியாத வெப்பமும் உண்டு. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் வேகமாக மடிகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பாலை ஊற்றியவரின் ரொட்டி கல்லாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உண்டான வாயுவை வெளியேற விடாமல் பிடித்து வைப்பது இரண்டாவது வேலை. கோதுமையில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது ஒன்றோடொன்று கோத்து ஒரு மீள்வலையாகின்றன. குளூட்டன் என்பது இந்த வலைதான். மாவை உருட்டி நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாச்சத்து நீரோடு போய் ரப்பர் போன்ற ஒரு பிசின் மிஞ்சும். இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பேராசிரியர் யாக்கோப்போ பெக்காரி 18ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். வியாசர்பாடிக்காரர்களுக்கு இந்த வலை புதிதல்ல. புரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் துணியாக விரிவது இதனால்தான். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் இப்பகுதிக்குக் கொண்டுவந்த அத்தோவின் நூடுல்ஸ் அறுந்துபோகாமல் இழுபடுவதும் இதனால்தான். புரோட்டாவிலும் அத்தோவிலும் வலை மட்டும் இருந்தால் போதும். ரொட்டியில் வலையும் வாயுவும் ஒரே சமயத்தில் தயாராக வேண்டும். வலை முறுக்கேறும் முன் வாயு பொங்கினால் அது வீணாகக் கசியும். வலை தளர்ந்த பிறகு பொங்கினால் ரொட்டி அமுங்கும். ஆகவே கேள்வி வேகத்தைப் பற்றியதல்ல, இரண்டும் ஒத்துப்போவதைப் பற்றியது.

குறிப்பில் எழுதப்படாத அறை

ஈஸ்ட்டின் வேலை வெப்பத்தைப் பொறுத்தது. ரொட்டி மாவு வழக்கமாக இருக்கும் வெப்ப எல்லைக்குள், பத்து டிகிரி கூடினால் வேகம் சுமார் இருமடங்காகிறது. மாவு எந்த வெப்பத்தில் புளிக்கத் தொடங்குகிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அனுபவமுள்ள ரொட்டிக்காரர்கள் பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியை ஒட்டி இருப்பதையே விரும்புகிறார்கள். அந்த வெப்பத்தில் ஈஸ்ட் சீராக உழைக்கும், வலையும் முறுக்கோடு இருக்கும், வாசனை தரும் பொருள்கள் சேரவும் நேரம் கிடைக்கும்.

இந்த 26 டிகிரியை எட்ட அவர்களிடம் ஒரு பழைய மனக்கணக்கு உண்டு. பிசைந்த மாவின் வெப்பம் ஏறத்தாழ மூன்றின் சராசரி: மாவுப்பொடி, அறை, ஊற்றும் நீர். ஐரோப்பியச் சமையலறை ஒன்றில் அறையும் மைதாவும் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கையில் இளஞ்சூடாகப் படும் 40 டிகிரி நீரை ஊற்றினால் மூன்றும் சேர்ந்து 80. மூன்றால் வகுத்தால் 27 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வெதுவெதுப்பான நீர் என்று எழுதியவர் தம் அறைக்கு மிகத் துல்லியமாகவே எழுதியிருக்கிறார்.

அதே நீரை வியாசர்பாடிக்குக் கொண்டுவருவோம். அக்டோபரில் சென்னையின் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 32 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இரவிலும் 24, 25க்குக் கீழ் எளிதில் இறங்குவதில்லை. பழைய தமிழ்ப் பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், அடுப்பு எரியும் சமையலறையில் கூதிர் நுழைவது அபூர்வம். அறை 30, மைதா 30, நீர் 40. கூட்டினால் 100, சராசரி 33 டிகிரி. இலக்கைவிட ஏழு டிகிரி அதிகம். ஈஸ்ட்டின் வேகம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எளிய மாவு என்றால், குறிப்பில் இரண்டு மணி நேரம் என்று எழுதப்பட்ட வேலை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும். மிச்ச முக்கால் மணி நேரமும் மாவு அளவுக்கு மீறிப் புளித்துக்கொண்டிருக்கும். குளிர்நாட்டில் நேரம் போகப்போக மாவு ஆறுகிறது. இங்கே ஆறுவதற்கு வழியே இல்லை. சூடான இடத்தில் வைக்கச் சொன்ன வரிக்குக் கீழ்ப்படிந்தால் இன்னும் ஏறத்தான் செய்யும். கள் வாசனையும் அமுங்கிய தலையும் இப்படித்தான் வருகின்றன.

சர்க்கரை உணவா, தடையா?

இனி இரண்டாவது தோல்வி. வெயில் ஈஸ்ட்டை விரட்டுகிறது என்றால், சில இனிப்பு ரொட்டிகள் ஏன் உப்பவே மாட்டேன் என்கின்றன? சர்க்கரைதானே ஈஸ்ட்டின் உணவு, அதிகம் போட்டால் அதிகம் உப்ப வேண்டாமா? அது உண்மையா என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். பத்து கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதுமாகப் புளிக்க வைத்தால் ஏறத்தாழ ஐந்து கிராம் கரியமில வாயு கிடைக்கும். நம் அறை வெப்பத்தில் அதன் கொள்ளளவு இரண்டரை லிட்டருக்கும் மேல். அரை கிலோ மைதாவில் முட்டை, வெண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் மாவு சுமார் ஒரு கிலோ எடையில், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த இடத்தை அடைக்கும். அது இருமடங்காக ஒரு லிட்டருக்கும் குறைவான வாயு போதும். ஒருமுறை அமுக்கி மறுபடி உப்ப வைத்தாலும், கசிவு போக, பத்து கிராம் சர்க்கரை தாராளம். மைதாவில் இயல்பாகவே உள்ள சிறிதளவு சர்க்கரையும், மாச்சத்தை மாவின் நொதிகள் உடைத்துத் தரும் சர்க்கரையும் இதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். விருந்து ரொட்டியில் நாம் போடும் 75 கிராம் நம் நாக்குக்கான பங்கு. ஈஸ்ட்டுக்கு அது தேவையே இல்லை.

தேவையில்லாதது வெறுமனே கிடந்தால் தொல்லை இல்லை. இது ஈஸ்ட்டை வதைக்கிறது. எலுமிச்சையை நறுக்கி உப்பில் பிரட்டி வைத்தால் சற்று நேரத்தில் சாறு கசிந்து நிற்கும். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு மென்சவ்வு வழியே நீர் நகர்வதால் வருவது அது. இதைச் சவ்வூடு பரவல் என்பார்கள். ஈஸ்ட்டின் உடலும் ஒரு மென்சவ்வுப் பை. சுற்றிலும் சர்க்கரைக் கரைசல் அடர்ந்தால் அதன் உடல்நீர் வெளியே இழுக்கப்படுகிறது. தப்பிக்க அது கிளிசரால் என்னும் பொருளைத் தனக்குள்ளே தயாரித்து நீரைத் தக்கவைக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் வாயு உற்பத்தி மந்தமாகும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறையும் ஈஸ்ட்டின் நொதி ஒன்று இரண்டாக வெட்டிவிடுகிறது. கரைசலில் துகள்கள் பெருகுகின்றன, நீரை இழுக்கும் வலுவும் பெருகுகிறது. தன் தாகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது ஈஸ்ட். மைதா எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைச் சர்க்கரை தாண்டும்போதே தயக்கம் தொடங்கும். பத்தைத் தாண்டினால் நன்றாகத் தெரியும். விருந்து ரொட்டி பதினைந்தில் நிற்கிறது. உப்பும் இதையே செய்கிறது. பட்டைத்தூளை அள்ளிப் போட்டால் அதன் மணப்பொருள் ஈஸ்ட்டை வேறு வழியில் முடக்கும். ஏலக்காய் பாதுகாப்பான தேர்வு.

இரண்டும் ஈடாகிவிடாதா?

வெயில் முடுக்குகிறது, சர்க்கரை தடுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈஸ்ட் மட்டுமே மாவில் இருந்தால் ஓரளவு அப்படித்தான் நடக்கும். ஆனால் வெப்பம் ஈஸ்ட்டோடு நின்றுவிடுவதில்லை. மைதாவில் உள்ள லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களையும் அது எழுப்பிவிடுகிறது. சர்க்கரையால் ஈஸ்ட் திணறிக்கொண்டிருக்கும் நேரம் நீள நீள, அவை மாவைப் புளிப்பாக்கிக்கொண்டே போகும். வெண்ணெயின் கதை இன்னும் மோசம். அது 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், 30லேயே குழைந்துவிடும். குழைந்த வெண்ணெய் மாவுக்குள் மெல்லிய படலமாகப் பரவி வலையை வழுக்கலாக்கி மென்மை தரும். உருகியதோ எண்ணெயாகப் பிரிந்து வலையின் கண்ணிகளை ஒட்டவிடாமல் செய்து மேலே மிதக்கும். 33 டிகிரி மாவில், ஈஸ்ட் சோம்பியிருக்கும் இரண்டு மூன்று மணி நேரமும் வெண்ணெய் கசிந்துகொண்டிருக்கும். எண்ணெய் ஒழுகும் செங்கல் உருவாவது இப்படித்தான்.

வெண்ணெய்க்குப் பதில் அதிக வெப்பத்தில் உருகும் வனஸ்பதி, மார்கரின் பக்கம் வெப்பமண்டலப் பேக்கரிகள் சாய்ந்ததற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்த உருகுநிலை மற்றொரு காரணம். 2022 ஜனவரி முதல் இத்தகைய கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு விதித்திருக்கிறது. வீட்டில் செய்பவருக்குக் கொழுப்பை மாற்றுவதைவிட மாவைக் குளிர்விப்பது சுலபம். ஆக, வெப்பமும் சர்க்கரையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தாலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. அவை இழுப்பது வெவ்வேறு கயிறுகளை.

புரூடர் காட்டும் வழி

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதல்ல. நமக்கு மிக அருகில் ஒரு வெப்பக்கடற்கரையில் அது பழக்கமாகவே இருக்கிறது. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டார்கள். அவர்கள் வழிவந்த பறங்கியர் சமூகம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் புரூடர் என்னும் ரொட்டியைச் செய்கிறது. விளிம்பு மடிப்புகள் கொண்ட உயரமான அச்சில் வேகவைத்து, வெண்ணெயும் எடாம் சீஸும் வாழைப்பழமும் வைத்துச் சாப்பிடுவார்கள். ஒல்லாந்தர் இருந்த கொச்சிக் கோட்டையிலும் இதன் உறவுக்கார ரொட்டி ஒன்று பிழைத்திருக்கிறது. கொழும்பு வீடுகளின் பழைய முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாப் பொருளையும் முதலிலேயே கலக்க மாட்டார்கள். பேக்கரியில் சாதாரண ரொட்டி மாவை, ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில் வாங்கி வருவார்கள். முட்டைக் கரு, வெண்ணெய், சர்க்கரை, திராட்சை எல்லாம் அதற்குப் பிறகே அதில் பிசைந்து சேர்க்கப்படும்.

வசதிக்காகச் செய்ததாகத் தோன்றும் இந்தப் பழக்கம் மேலே சொன்ன சிக்கலின் நடுமுடிச்சை அவிழ்க்கிறது. சர்க்கரையும் வெண்ணெயும் இல்லாத மாவில் ஈஸ்ட் தாகமின்றிப் பெருகி விழித்துக்கொள்கிறது. குளூட்டன் வலையும் கொழுப்பின் குறுக்கீடு இல்லாமல் முறுக்கேறுகிறது. சர்க்கரை வரும்போது அதை எதிர்கொள்ள ஈஸ்ட் எண்ணிக்கையிலும் வலுவிலும் தயாராக இருக்கிறது. மிலான் நகரத்தின் பானெத்தோனேயும் இப்படிக் கட்டங்களாகவே கட்டப்படுகிறது. அதிக இனிப்பும் கொழுப்பும் கொண்ட ரொட்டிகளை ஒரே மூச்சில் கலக்காதே என்பதில் இரண்டு ஊர்களும் ஒத்துப்போகின்றன. முதல் கட்டத்தில் தனியாகப் புளிக்கும் இந்த எளிய மாவை நாம் முன்மாவு என்று அழைக்கலாம்.

ஒரு கணக்கு: அரை கிலோ மைதா

பத்துப் பேர் விருந்துக்கு அரை கிலோ மைதா என்று வைத்துக்கொள்வோம். மற்றவை: காய்ச்சி ஆறிய பால் 200 மில்லி, முட்டை 2, சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 75 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், திராட்சையும் டூட்டி ஃப்ரூட்டியும் 100 கிராம், ஏலக்காய்த்தூள் ஒரு சிட்டிகை. பாலைக் காய்ச்சும் நம் வழக்கத்துக்கு இங்கே தனிப் பலன் உண்டு. காய்ச்சாத பாலின் ஒரு வகைப் புரதம் குளூட்டன் வலையைத் தளர்த்தும். நன்கு காய்ச்சினால் அது செயலிழந்துவிடும்.

இப்போது வெப்பக் கணக்கு. இலக்கு 26 டிகிரி என்றால் மூன்றின் கூட்டுத்தொகை 78 ஆக வேண்டும். அறை 30, மைதா 30 போக மிஞ்சுவது 18. கையால் பிசையும்போது உராய்வும் உள்ளங்கைச் சூடும் இந்தக் கூட்டுத்தொகையில் ஓரிரு டிகிரி ஏற்றும். ஆகவே பால் 16 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த பாலை எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்தால் அந்த நிலைக்கு வந்துவிடும். குளிர்ந்த பாலில் ஈஸ்ட் செத்துவிடாதா என்ற அச்சம் வேண்டாம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை முதலில் மைதாவில் கலந்துவிட்டுப் பாலை ஊற்றினால் அது பொறுத்துக்கொள்ளும். பருமணிகளாக வரும் பழைய வகை உலர் ஈஸ்ட் மட்டும் நேரடிக் குளிர்ச்சியில் தன் உட்பொருள்களை இழந்து பலவீனமாகும். அதை இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டு நீரில் தனியே ஊற வைத்துப் பிறகு சேர்த்தால் போதும்.

முதல் கட்டத்தில் 300 கிராம் மைதாவையும் ஈஸ்ட்டையும் பாலையும் மட்டும் கலந்து முன்மாவாக்கி, நேரான பக்கங்கள் கொண்ட டப்பாவில் போட்டு, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைக்க வேண்டும். அது இருமடங்கானதும், எத்தனை மணி ஆயிருந்தாலும், முதல் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் மிச்ச மைதா, முட்டை, உப்பு, சர்க்கரை சேர்த்து, மாவு கிழியாமல் மெல்லிய திரையாக இழுபடும்வரை பிசைய வேண்டும். வெண்ணெய் அதற்குப் பிறகுதான்: குளிர்ந்து, ஆனால் அழுத்தினால் விரல் பதியும் பதத்தில், துண்டு துண்டாக. பழங்கள் கடைசியில். இரண்டாம் முறை உப்பும்போது மாவு சூடேறினால், ஐஸ் துண்டுகள் மிதக்கும் தண்ணீர்த் தட்டில் பாத்திரத்தை வைக்கலாம், அல்லது இருபது நிமிடம் ஃபிரிட்ஜுக்குள் தள்ளலாம். ஈரத்துணி சுற்றினால் ஆகாதா? கோடையில் ஓரளவு ஆகும். காற்றே நீர் சுமந்து நிற்கும் ஐப்பசியில் துணி காயாது, காயாத துணி குளிர்விக்காது. மழைக்காலத்து மைதா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அதன் அளவு அரை கிலோவுக்குச் சில கிராம்தான்; இறுதியில் ஒரு கரண்டிப் பாலைக் குறைத்தோ கூட்டியோ சரிசெய்துவிடலாம். ரொட்டி கெடுவதற்கு ஈரப்பதத்தின் மேல் பழிபோடுபவர்கள் பெரும்பாலும் வெப்பத்தைத் தப்பவிடுகிறார்கள்.

விருந்து மாலையில், நேரம் காலையில் இல்லை என்றால் உருட்டிய மாவை இரவு முழுதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். நான்கைந்து டிகிரியில் ஈஸ்ட் கிட்டத்தட்ட உறங்கிவிடும், வெண்ணெய் இறுகி மாவைப் பின்னலிட எளிதாகும். கனமழையில் மின்சாரம் போனாலும், கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் சில மணி நேரம் இந்த உறக்கத்தைக் காக்கும்.

இட்லி மாவும் பேக்கரியும் கேட்கும் கேள்விகள்

இட்லி மாவு இதே வெப்பத்தில் எந்தக் குளிர்ச்சியும் இல்லாமல் நன்றாகத்தானே வருகிறது என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் இட்லி மாவின் உயிரியல் வேறு. அங்கே முக்கியமாக உழைப்பவை பாக்டீரியாக்கள், குறிப்பாக லூக்கனோஸ்டாக் என்னும் இனம். அவை வாயுவையும் புளிப்பையும் சேர்த்தே தருகின்றன. அந்தப் புளிப்பு நமக்கு வேண்டிய சுவை. வாயுவைப் பிடித்து வைப்பதும் அங்கே குளூட்டன் அல்ல, உளுந்தின் வழவழப்பு. உருகிக் கசிய வெண்ணெய் இல்லை, ஈஸ்ட்டைத் தாகப்படுத்தச் சர்க்கரை இல்லை. மாவு பொங்காத மழைநாளில் அடுப்பருகே நகர்த்தி வைக்கும் கைப்பழக்கம் இட்லிக்குச் சரியான அறிவு. அதே கை ரொட்டி மாவையும் அடுப்பருகே நகர்த்தும்போதுதான் அது பிசகுகிறது. இட்லி தந்த அனுபவத்தில் ரொட்டிக்குக் கடன் வாங்க வேண்டியது வேறொன்று: மாவு பொங்கியதா என்று யாரும் கடிகாரத்தைக் கேட்பதில்லை, மூடியைத் திறந்து மாவைத்தான் பார்க்கிறார்கள்.

தெருமுனைப் பேக்கரி இதே ஊர் வெயிலில் பன்னையும் பொறையையும் மணிக்கணக்காக அல்ல, மிக விரைவாகச் செய்து தள்ளுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். தொழிற்சாலை ரொட்டியின் வேகத்துக்கு 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் உருவான முறை ஒரு திருப்பம். நீண்ட புளிப்புக்குப் பதிலாக, வலுவான இயந்திரம் சில நிமிடங்களில் மாவை அடித்துப் பிசைந்து வலையை உருவாக்கிவிடும்; வலையை இறுக்க ஆக்சிஜனேற்றிகள் சேர்க்கப்படும். இந்தியாவில் அத்தகைய சேர்பொருளாகப் பயன்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை, டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டி மாதிரிகளில் கண்டுபிடித்து வெளியிட்ட பிறகு, 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. கவனிக்க வேண்டியது இது: இயந்திரம் பிசையும் உராய்வில் மாவு சூடேறும் என்பதால் பெரிய பேக்கரிகள் குளிரூட்டிய நீரையோ ஐஸையோ ஊற்றியே பிசைகின்றன. வேகமாகச் செய்பவர்களும் மாவின் வெப்பத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பேக்கரியின் அனுபவம் இந்த வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது.

அடுப்பிலும் அதற்குப் பின்னும்

அடுப்புக்குள் போன முதல் பத்து நிமிடங்களில் ரொட்டி இன்னொருமுறை எழும்பும். வாயு விரிகிறது, சாராயமும் நீரும் ஆவியாகின்றன, சாகும் முன் ஈஸ்ட் ஒரு கடைசி ஓட்டம் ஓடுகிறது. 60 டிகிரியைக் கடந்ததும் மாச்சத்து நீர் உறிஞ்சிக் குழைகிறது. 70, 80ஐ ஒட்டிப் புரத வலை இறுகி, ரொட்டி இனி அமுங்காது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார். விருந்து ரொட்டியில் இரண்டும் மிகுதி என்பதால் மேல்பகுதி வெகு சீக்கிரம் கறுக்கும். சாதா ரொட்டிக்குப் பயன்படும் 220 டிகிரியில் இதை வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். 170, 175 டிகிரி, நடுப்பகுதி 90ஐ எட்டும்வரை, அதுதான் அளவு.

வெந்த ரொட்டி ஆறும்வரை வெட்டாமல் இருப்பதும் சமையலின் பகுதிதான். மாச்சத்து உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். மிஞ்சியதை எங்கே வைப்பது என்பதில் வடசென்னை மழைக்காலம் ஒரு இக்கட்டை வைக்கிறது. ஃபிரிட்ஜின் நான்கு டிகிரியில் மாச்சத்து அறை வெப்பத்தைவிட வேகமாகப் படிகமாகி ரொட்டி வறண்டு போகும். வெளியே வைத்தால் பூஞ்சை படரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், வேகும் சூட்டிலும் பிழைக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து உள்பகுதியை நூல்நூலாக இழுபட வைப்பதும் உண்டு. அப்படி ஒட்டினாலோ பழ வாசனை அடித்தாலோ தூக்கி எறிவதே சரி. ஒரு நாளைக்கு மேல் வைப்பதானால் துண்டு போட்டு ஃப்ரீசரில் உறைய வைத்து, வேண்டியபோது தோசைக்கல்லில் வாட்டலாம். சூடு படிகமான மாச்சத்தைத் தளர்த்திப் பழைய மென்மையை ஓரளவு மீட்டுத் தரும்.

எதை எழுதி வைப்பது?

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு கடைசி ஆட்சேபம் மிஞ்சும். வெப்பமானி, கணக்கு, கட்டங்கள் என்று இவ்வளவு பாடு எதற்கு? நாலைந்து முறை செய்தால் கை தானே பழகிவிடும் என்பார்கள். பழகும்தான். ஆனால் கைப்பழக்கம் என்பது அந்தக் கையின் அறையில் மட்டும் செல்லுபடியாகும் அறிவு. அக்டோபரில் பழகிய கை மே மாதத்தில் தடுமாறும். வியாசர்பாடியில் பழகியவர் உதகைக்கோ டொராண்டோவுக்கோ குடிபோனால் முதலிலிருந்து தொடங்குவார். ஐரோப்பியக் குறிப்பு நம் அடுக்களையில் தோற்றதும் இதனால்தான். அதை எழுதியவர் தம் அறையை எழுத மறந்து, தம் நேரத்தை மட்டும் எழுதினார். இரண்டு மணி நேரம் என்பது ஓர் ஊரின் விடை. மாவு 26 டிகிரியில் இருக்கட்டும், இருமடங்காகட்டும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் விதி. தமிழில் ரொட்டிக் குறிப்பு எழுதுபவர்கள் மணிக்கணக்கை அடித்துவிட்டு அந்த இரண்டு வரிகளை எழுதத் தொடங்கினால், வெதுவெதுப்பான நீர் என்ற சொற்றொடர் கொடைக்கானலில் நிலைக்கும், வியாசர்பாடியில் நீங்கும். இரண்டும் சரியாகவே இருக்கும்.